ஐம்பது காசில் இரண்டு ஐந்து

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

இங்கே நான் சுகம். நீங்களும் அண்ணியும் சுகம் என்று என் மகள் போனில் சொன்னாள். அவள் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்வது என் வழக்கம் என்பதால் உங்களிடமே கேட்டுவிடுகிறேன். அண்ணியின் முழங்கால் வலி எப்படி? பிள்ளைகளின் புது வீட்டில் குழாய் ஒழுகுகிறதாமே. நான் வந்து பார்க்கிறேன் என்றேன். "நீ வேணாம்மா, உனக்குத் தப்பு எங்கன்னு சொல்லத்தான் தெரியும், சரிபண்ணத் தெரியாது, மாமா வந்து பாத்துக்குவாரு" என்கிறாள் உங்கள் மருமகள். பெற்றவளுக்குக் கிடைத்த மரியாதை இது.

அவள் சொல்வதும் உண்மைதான். இருபத்தெட்டு வருடமாக அச்சகத்தில் புரூப் பார்க்கிறேன். பிழை பார்த்துப் பிழைப்பவள். அதனால்தான் இந்தக் கடிதம். போன வாரம் மருந்துக் கடையில் கொடுத்த மீதிச் சில்லறையில் ஓர் ஐம்பது காசு என் கண்ணை உறுத்தியது. ஐந்து வருடத்துக்கு முந்தைய நாணயம். வருடத்தின் கடைசி இலக்கம் இரட்டையாகத் தெரிகிறது. '50' என்பதில் உள்ள ஐந்தும் இரண்டாகத் தெரிகிறது. எங்கள் மெஷினில் காகிதம் நகர்ந்துவிட்டால் எழுத்து இப்படித்தான் நிழல் தட்டும். தாளுக்கு நடப்பது உலோகத்துக்கும் நடக்குமா?

உங்கள் நாணயச் சாலையில் பிறந்த பிள்ளை அது. அச்சுப் பரிசோதகராக முப்பத்து நான்கு வருடம் இருந்தவரை வீட்டில் வைத்துக்கொண்டு வேறு யாரைப் போய்க் கேட்பேன்? காகிதத்தில் மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். சாவகாசமாகப் பார்த்து எழுதுங்கள். போனில் கேட்டால் எனக்கு எதுவும் தலையில் நிற்காது.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா


பிப்ரவரி 11

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் மனைவியை அண்ணி என்கிறீர்கள், என்னை மட்டும் ஐயா என்கிறீர்கள். உறவுக் கணக்கு இடிக்கிறதே என்று அவள் சிரிக்கிறாள். முழங்கால் பரவாயில்லை. குழாயைச் சரிசெய்துவிட்டேன். இப்போது வேறு குழாய் ஒழுகுகிறது.

உங்கள் கண்ணைப் பற்றி எனக்குப் புதிதாகச் சொல்ல வேண்டுமா? கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை உங்கள் பார்வைக்கு அனுப்பினோம். ஒப்புதல் வரும் என்று பார்த்தால், ஏழு இடத்தில் சிவப்பு மையால் சுழித்துத் திரும்பி வந்தது. அதில் ஒன்று என் அப்பாவின் பெயர்! அன்று எனக்கு வந்த கோபத்துக்குக் கல்யாணமே நின்றிருக்கும். "அவங்க சொன்ன ஏழும் சரிதான், உங்க அப்பா பேரே உங்களுக்கு எழுதத் தெரியல" என்று வீட்டில் சொன்ன பிறகுதான் வாயை மூடினேன்.

நாணயத்தைப் பார்த்தேன். கவலைப்பட ஒன்றுமில்லை. இதை நாங்கள் 'ஆட்டம்' என்போம். நாணயம் அடிபடும் கணத்தில், உருவத்தைப் பதிக்கும் எஃகு அச்சு பிரஸ்ஸில் சற்றே தளர்ந்திருந்தால், எழும்பிய எழுத்தின் ஓரத்தை அதே அச்சு உரசித் தட்டையாக்கிவிடும். லென்ஸில் பாருங்கள், படிக்கட்டு போல ஒரு தட்டை தெரியும். எழுத்து பருக்காது, இளைக்கும். நாணயம் சேகரிப்பவர்கள் ஏங்குவது இதற்கு அல்ல. அவர்கள் தேடுவது உண்மையான இரட்டிப்பு. தாய் அச்சை எஃகுத் துண்டின் மேல் அழுத்தித்தான் நாங்கள் அச்சு எடுப்போம். ஒரே அழுத்தில் உருவம் முழுதாக இறங்காது. எஃகைச் சூடாக்கி இளக்கி இரண்டாம் முறை அழுத்துவோம். அப்போது ஒரு மயிரிழை திரும்பிவிட்டால் அச்சிலேயே இரண்டு எழுத்து பதிந்துவிடும். அந்த அச்சு சாகும்வரை அடிக்கும் லட்சம் நாணயத்திலும் அதே இரட்டை எழுத்து வரும். அப்படி ஓர் அச்சு என் மேஜையைத் தாண்டிப் போனதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. நாணயச் சாலை வாசலில் ஒரு பலகை வைத்து அவர்களே எழுதியிருக்கிறார்கள்: 'ஒரு தவறான அச்சையும் அனுமதியாதவர்.'

இதே வருட நாணயத்தைப் பற்றி நான்கு வருடம் முன்பு ஒரு சேகரிப்பாளர் புகார் அனுப்பினார். நிறைய நாணயம் இப்படி இருக்கிறது என்று எழுதியிருந்தார். நான்தான் பார்த்து 'பிரஸ் ஆட்டம்' என்று அறிக்கை கொடுத்தேன். அந்தப் பிரஸ்ஸை ஓட்டியவன் என் நண்பன். நாங்கள் அவனைச் சுத்தியல் என்றுதான் கூப்பிடுவோம். "ஒரு நாள்தான்டா ஆடுச்சு, மறுநாளே முடுக்கிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டான். யாரும் நம்பவில்லை. வாரக்கணக்கில் கவனிக்காமல் ஓட்டினான் என்று முடிவுகட்டி, பிரஸ்ஸிலிருந்து எடுத்து மூட்டை கட்டும் கொட்டகைக்குப் போட்டுவிட்டார்கள். இருபது வருடச் சிநேகம். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. என்ன செய்ய, கண்டதைத்தானே எழுத முடியும்.

நாணயத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
சம்பந்தி


மார்ச் 2

மதிப்பிற்குரிய சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எங்கள் அச்சகத்துப் பாடப் புத்தகங்களை எழுதுபவர்கள் உங்களிடம் வந்து ஒரு மாதம் உட்கார வேண்டும். 'பருக்காது, இளைக்கும்' என்று இரண்டே சொல்லில் விளங்கவைத்துவிட்டீர்கள். லென்ஸை எடுத்து வருடத்தைப் பார்த்தேன். படிக்கட்டுத் தட்டை அப்படியே இருந்தது. நீங்கள் சொன்னது சொன்னபடி.

பிறகு ஐந்தைப் பார்த்தேன். ஐயா, அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை.

ஐந்தில் தட்டை இல்லை. இரண்டு ஐந்தும் உருண்டு, முழுதாக நிற்கின்றன. ஐந்து இளைக்கவில்லை, பருத்திருக்கிறது. மேல்கோடு முடியும் மூலையில் மீன்வால் போல ஒரு பிளவு. நீங்கள் சொல்லிக்கொடுத்த அளவுகோலைத்தான் வைத்துப் பார்க்கிறேன், என் அளவுகோல் அல்ல.

ஒரு தாளை வைத்துப் புரூப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் பழக்கம். அதனால் அதே வருடத்து ஐம்பது காசுகளைத் தேட ஆரம்பித்தேன். மருந்துக் கடைக்காரர், பஸ் கண்டக்டர், எங்கள் பைண்டிங் பெண்கள் எல்லோரும் என்னைக் கண்டாலே சில்லறையை நீட்டுகிறார்கள். "அக்காவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று பேச்சு. இன்றுவரை பதினொன்று கிடைத்திருக்கிறது. அதில் இரண்டில்தான் வருடத்தில் தட்டை இருக்கிறது. ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு. ஆனால் பதினொன்றிலும் ஐந்து ஒன்றுபோல இருக்கிறது. அதே பிளவு, அதே இடம். சுழியத்துக்குக் கீழே கண்ணிமை முடி அளவுக்கு ஒரு மெல்லிய கோடு. அதுவும் பதினொன்றிலும் இருக்கிறது.

ஆட்டம் வருகிறது, போகிறது. ஐந்து மாறவே இல்லை.

இதை எழுதி இரண்டு முறை கிழித்துப் போட்டேன். மகளிடம் சொன்னேன். "அம்மா, தயவுசெஞ்சு சும்மா இரும்மா. நான் அந்த வீட்ல வாழணும்" என்றாள். அவள் சொல்வதும் நியாயம். கொட்டகையில் மூட்டை கட்டுகிற மனிதர் ஒருவரை நீங்கள் குறிப்பிடாமல் இருந்திருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன்.

பதினொன்றும் ஓர் உறையில் இருக்கின்றன. அனுப்பட்டுமா, வேண்டாமா? நீங்கள் சொல்கிறபடி.

தங்கள்
சம்பந்தி


மார்ச் 9

சம்பந்தி அம்மாவுக்கு,

அனுப்ப வேண்டாம்.

லென்ஸ் எல்லாக் கடையிலும் விற்கிறது. அதை வாங்கியவர்கள் எல்லாம் பரிசோதகர் ஆகிவிட முடியாது. முப்பத்து நான்கு வருடத்தைப் பதினொரு காசில் அளக்காதீர்கள். காகிதத்தில் சிவப்பு மை போடுவது வேறு, எஃகைப் படிப்பது வேறு.

பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் அப்பா


மார்ச் 20

மதிப்பிற்குரிய சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

அனுப்பவில்லை. இந்தக் கடிதத்தில் நாணயம் எதுவும் இல்லை, பயப்படாமல் படிக்கலாம்.

உங்களிடம் சொல்லாத இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது நல்ல விஷயம். அந்தப் பதினொன்றைத் தேடியபோது நான் பார்த்த மொத்த நாணயம் நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் நீங்கள் வேலையில் இருந்த வருடங்கள். வேறு வேறு வருடம், வேறு வேறு மதிப்பு, கைபட்டுத் தேய்ந்தவை, சாலையில் கிடந்து நசுங்கியவை. அந்தப் பதினொன்றைத் தவிர எதிலும் எழுத்து பிசகவில்லை. பறவைச் சின்னத்தில் இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாக எழும்பி நிற்கிறது. புள்ளி, புள்ளியாகவே இருக்கிறது. நானூறு பக்கத்தில் ஒரே ஒரு பிழை உள்ள புத்தகத்தை நான் என் பிழைப்பில் பார்த்ததே இல்லை. எங்கள் ஊழியர்கள் எல்லோரையும் கூப்பிட்டு லென்ஸில் காட்டினேன். "யாரு இத செக் பண்ணது?" என்று கேட்டார்கள். என் சம்பந்தி என்று சொல்லும்போது எனக்கு எவ்வளவு கர்வமாக இருந்தது தெரியுமா? பகட்டான பலகையில் எழுதியதைவிட அந்தச் சில்லறைக் குவியல்தான் உங்களைச் சரியாகச் சொல்கிறது.

இரண்டாவது என் கதை. பன்னிரண்டு வருடம் முன்பு குழந்தைகளுக்கான இருமல் மருந்தின் லேபிள் புரூப் என்னிடம் வந்தது. கம்பெனியின் பெயரிலேயே ஓர் எழுத்துப் பிழை. பெரிய எழுத்தில், தலைமேல்! கண்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு கோடு போட்டுச் சுழித்தேன். அந்தச் சந்தோஷத்தில் அடுத்த வரியைக் கண் தாண்டிப் போய்விட்டது. ஐந்து மில்லி என்று இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பது மில்லி. பதினெட்டாயிரம் லேபிள் அடித்தாயிற்று. கட்டுப் போடுகிற பெண் ஒருத்தி, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், "ஏம்மா, பச்சப் பிள்ளைக்கு இவ்வளவு மருந்தா குடுப்பாங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உயிரே போய்த் திரும்பியது. ஒரு லேபிளும் வெளியே போகவில்லை.

ஆனால் ஐயா, டைப் செய்த பெண்ணின் தப்பு என்று முதலாளி நினைத்துக்கொண்டார். புரூப்பிலேயே அது இருந்தது, விட்டது நான்தான் என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் அழுதுகொண்டே டைப் செய்தாள். மூன்றாம் நாள்தான் போய்ச் சொன்னேன். லேபிளைத் திரும்ப அடித்துவிட்டோம். அந்த இரண்டு நாளை எங்கே கொண்டுபோய்த் திரும்ப அடிப்பது?

ஒரு பிழையைக் கண்டதும் பக்கத்துப் பிழை ஒளிந்துகொள்ளும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் எல்லோரும் விழுவோம். வருடத்தில் அந்தத் தட்டை இல்லாமல் இருந்திருந்தால் ஐந்தை நீங்கள் ஒரு நொடியில் பிடித்திருப்பீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உறை என்னிடம் இருக்கிறது. நீங்கள் கேட்டால் வரும், கேட்காவிட்டால் வராது. அண்ணிக்கு என் அன்பு.

தங்கள்
சம்பந்தி


ஏப்ரல் 15

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். முதல் ஒரு வாரம் கோபம். அடுத்த இரண்டு வாரம் பயம்.

கடைசியில் நானே சில்லறை வேட்டைக்குக் கிளம்பினேன். தபால் நிலையத்தில் ஒன்று, பேப்பர் போடுபவரிடம் ஒன்று, எங்கள் வீட்டு மேஜை டிராயரிலேயே ஒன்று. இரண்டு வருடமாக என் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்திருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்றையும் லென்ஸில் பார்த்தேன். மீன்வால் பிளவு. சுழியத்தின் கீழே இமை முடி. அந்தக் கோடு அச்சில் விழுந்த கீறல். ஒரே அச்சின் பிள்ளைகள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். என் மனைவி வந்து, "என்னங்க, முகம் ஏன் இப்படி ஆயிருச்சு?" என்றாள். லென்ஸை அவள் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "ரெண்டு அஞ்சு இருக்கு" என்றாள். அவ்வளவுதான். அவளுக்குக்கூடத் தெரிகிறது.

அந்தப் புகார் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேலதிகாரி, அவருக்கு மேலே இருப்பவர் என நான்கைந்து பேர் என் மேஜையைச் சுற்றி நின்றார்கள். நாணயத்தை லென்ஸின் கீழ் வைத்தேன். வருடத்தில் தட்டை தெரிந்தது. "பிரஸ் ஆட்டம்" என்றேன். ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. "அடேயப்பா, என்ன கண்ணுய்யா உமக்கு!" என்று ஒருவர் முதுகில் தட்டினார். அது எனக்கு இனித்தது. அந்த இனிப்பில் ஆறாவது விநாடியைப் பார்க்காமல் விட்டேன். அந்த ஒரு விநாடிக்காகச் சுத்தியல் நான்கு வருடம் மூட்டை கட்டியிருக்கிறான்.

அதற்கு முன்னால் செய்த தப்பு இன்னும் பெரிது. அந்த அச்சைப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு, பிரஸ்ஸுக்கு அனுப்பியதும் நான்தான்.

நாணயச் சாலைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. அதன் நகல் இத்துடன் இருக்கிறது. பார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டும். உங்கள் சிவப்பு மையாலேயே. அந்தப் பதினொன்றையும் அனுப்புங்கள். கேட்கிறேன்.

அன்புடன்,
சம்பந்தி


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

உறவுக் கணக்கு இடிக்கிறது என்றீர்களே, நேர் செய்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை அச்சகத்துக்குக் கொண்டுபோகாமல் வீட்டில் வைத்தே பார்த்தேன். இரண்டு பக்கக் கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் மை பட்டிருக்கிறது. 'மேற்படி அச்சைப் பரிசோதித்ததிலும், பின்னர் அறிக்கை அளித்ததிலும் பிழை நேர்ந்துவிட்டது' என்று எழுதியிருந்தீர்கள். 'நான் பிழை செய்தேன்' என்று மாற்றியிருக்கிறேன். இலக்கணப்படி இரண்டும் சரி. ஆனால் பிழை மழை மாதிரி தானாக வந்து பெய்துவிட்டுப் போவதில்லை. அந்த வாக்கியத்தில் ஆள் இல்லாவிட்டால், படிப்பவர்கள் பழைய ஆளையே அங்கே நிறுத்திவிடுவார்கள்.

பேனாவை எடுத்து நெடுநேரம் யோசித்தேன். ஊரார் வாக்கியம் என்றால் சட்டென்று கோடு போட்டுவிடுவேன். இது உங்களுடையது. பிடிக்காவிட்டால் அடித்துவிட்டுப் பழையபடியே வைத்துக்கொள்ளுங்கள், நான் குறை நினைக்க மாட்டேன்.

மற்றபடி ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. அந்த மனிதரைப் பற்றி எழுதியிருக்கும் பத்தியைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பதவியில் இருப்பவர்கள்கூடச் செய்யத் துணியாததை, ஓய்வு பெற்று, யாரும் கேட்காதபோது நீங்களாகச் செய்கிறீர்கள். என் மகள் நல்ல வீட்டில்தான் இருக்கிறாள்.

பதினொன்றும் இத்துடன்.

தங்கை


ஜூன் 30

அன்புள்ள தங்கைக்கு,

'நான் பிழை செய்தேன்' என்றே அனுப்பினேன். கையால் அதை எழுதும்போது பேனா நின்றது. பிறகு எழுதிவிட்டது.

போன வாரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். என் மகனைவிடச் சின்ன வயது அதிகாரி. "ஐயா, ரிட்டயர் ஆகிட்டீங்க, எதுக்கு இதெல்லாம் கிளறுறீங்க?" என்றுதான் ஆரம்பித்தார். அச்சு எப்போதோ உருக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஒவ்வொரு அச்சும் பிரஸ்ஸில் ஏறியதும் முதலில் அடிக்கும் நாணயத்தை உறையில் போட்டுப் பத்திரப்படுத்துவது வழக்கம். அந்த உறையைத் தேடி எடுத்தார்கள். மேலே என் கையெழுத்து. உள்ளே இருந்த நாணயத்தைப் பெரிய லென்ஸில் வைத்து எல்லோரும் பார்த்தோம். ஆட்டம் துளியும் இல்லாத, சுத்தமான அடி. வருடம் ஒற்றையாக இருக்கிறது. ஐந்து மட்டும் இரண்டு. அச்சு பிரஸ்ஸுக்குப் போன முதல் கணத்திலிருந்தே தப்பு இருந்திருக்கிறது. அந்த அதிகாரி எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

வாசல் பலகையை எடுத்துவிடச் சொன்னேன். தயங்கினார்கள். எடுத்துவிட்டார்கள்.

சுத்தியல் மேலிருந்த குற்றத்தை நீக்கி, பழைய பதவியைத் திருப்பிக் கொடுத்து உத்தரவு போட்டாயிற்று. ஆனால் கொட்டகையில் மூட்டை தூக்கித் தூக்கி அவன் தோள்பட்டை போய்விட்டதாம். பிரஸ்ஸில் நிற்க முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஓய்வு பெற இன்னும் பத்து மாதம். அதையும் உட்கார்ந்தே கழிக்க வேண்டும். பதவி திரும்பி வந்தது, தோள் வரவில்லை.

நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினேன். ரேடியோ நின்றது. கதவு திறக்கவில்லை. கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அண்ணன்


ஜூலை 6

அன்புள்ள அண்ணனுக்கு,

மறுபடி போங்கள். நான்கு வருடத்தைக் கால் மணி நேரத்தில் திறக்கச் சொன்னால் எப்படி? பழம், பலகாரம் என்று எதையும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். மன்னிப்புக் கேட்க வார்த்தையும் யோசித்துவைக்காதீர்கள், எழுதிவைத்துப் படிப்பதுபோல இருக்கும். லென்ஸையும் ஒரு நாணயத்தையும் மட்டும் எடுத்துப் போங்கள். அவரும் தொழில்காரர். அவர் மேல் சுமத்தப்பட்ட அந்தப் பிழையை இதுவரை யாராவது அவர் கண்ணில் காட்டினார்களா?

அண்ணியிடம் சொல்லுங்கள், பொறுமையாக இருக்கச் சொன்னேன் என்று. அவர் இருப்பார். உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

தங்கை


ஜூலை 19

அன்புள்ள தங்கைக்கு,

மூன்றாவது முறை கதவு திறந்தது. திறந்தவன் உள்ளே கூப்பிடவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தலை முழுக்க நரைத்துவிட்டது. வலது கையைத் தூக்காமல் இடது கையால்தான் கதவைப் பிடித்திருந்தான்.

"உத்தரவு வந்துருச்சு. பாத்துட்டேன். இன்னும் என்ன?" என்றான்.

நீங்கள் சொன்னபடி நாணயத்தையும் லென்ஸையும் நீட்டினேன். சட்டென்று வாங்கவில்லை. என்னையே பார்த்தான். பிறகு வாங்கி, வெளிச்சத்துக்காக வாசலுக்கு வந்தான். நாணயத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். தெருவில் ஒரு குழந்தை சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போய், திரும்பியும் வந்துவிட்டது. இவன் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இது என் பிரஸ்ல அடிச்சதா?"

"உன் பிரஸ்தான்."

"எந்த மாசம்?"

சொன்னேன். மறுபடி லென்ஸைக் கண்ணில் வைத்தான்.

"ரெண்டு அஞ்சும் எப்படி நிக்குது பாத்தியா? ஓரம் எங்கயாவது மழுங்கியிருக்கா? அழுத்தம் கொஞ்சம் கொறஞ்சிருந்தாகூட இந்த ரெண்டாவது கோடு எழும்பியிருக்காது. ஒருத்தன் கண்ணுக்கும் தெரிஞ்சிருக்காது." கண்ணை எடுக்காமலே சொன்னான்: "உன் தப்பக்கூட நான் எவ்ளோ சுத்தமா அடிச்சிருக்கேன் பாருடா."

நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இல்லை. அவன் என்னைத் தேற்றவில்லை. தேற்ற வேண்டியவன் அவன் இல்லையே. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நாலு வருஷம்டா. என் பொண்ணுகூட, ஒருவேள நீங்க கவனிக்காம விட்டிருப்பீங்களோப்பான்னு கேட்டா" என்றான். இந்த வாக்கியத்தை நான் சாகும்வரை சுமப்பேன். சுமக்க வேண்டியதுதான்.

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் எழுந்து புறப்பட்டபோது நாணயத்தைத் திருப்பித் தரவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "இது என்கிட்டயே இருக்கட்டும். பொண்ணு வந்தா காட்டணும்."

தெருமுனை வரைக்கும் வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டான். அவனாக என்னைக் கூப்பிட்டு நான்கு வருடம் ஆகிறது.

"டேய், இதக் கண்டுபிடிச்சது யாரு? நீயில்லன்னு தெரியும்."

"என் சம்பந்தி. அச்சகத்துல புரூப் பாக்குறாங்க."

"நாணயத்த முன்னபின்ன பாத்ததே இல்லியா?"

"இல்ல. சில்லறையில பாத்தாங்க."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அந்தம்மா கண்ண நான் ஒரு தடவ பாக்கணும்" என்றான்.

வரும் ஞாயிறு காலைப் பேருந்தில் இரண்டு பேரும் வருகிறோம். அவனுக்குத் தோள் இடிபடக் கூடாது என்பதால் ஜன்னலோர இடம் பிடிக்க நான் சீக்கிரமே போய்விடுவேன். பத்து மணிக்கு உங்கள் வாசலில் இருப்போம்.

உங்கள்
அண்ணன்